பெட்டியை வாங்கினார்கள், பதில் சொல்லவில்லை

கால்நடை வைத்தியரின் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் அடிபட்ட பறவைகள் பற்றியவை அதிகம். எல்லாவற்றிலும் ஒரே மனக்குறைதான். அதனால் ஆட்டுக்கும் கோழிக்கும் இந்த இதழில் இடம் இல்லை.

கேள்வி: ஐயா, நான் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் ஓர் ஆசிரியை. கார்த்திகை மழைக்குள் வாவிக்கரையில் ஒரு செம்பருந்து விழுந்து கிடந்தது. இறக்கையில் தங்கூசி (மீன்பிடிக்கும் நைலோன் நூல்) சுற்றி இறுகியிருந்தது. மகனும் நானும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தோம். பெரிய காயம் ஒன்றும் தெரியவில்லை. இரவு கோழிக்கூடையால் மூடி வைத்து, கீரிமீன் கொடுத்தோம். மறுநாள் வான் பிடித்து, பல மணித்தியாலம் ஓடி, வனவிலங்குகளைப் பராமரிக்கும் ஒரு நிலையத்துக்குக் கொண்டுபோனோம். வாசலில் நின்றவர் பெட்டியை வாங்கினார், கொப்பியில் பெயரை எழுதினார், "சரி, போகலாம்" என்றார். வைத்தியரைப் பார்க்க விடவில்லை. பிறகு போன் எடுத்தால் ஒருவர் மாறி ஒருவர் கதைக்கிறார்கள், எல்லாம் சிங்களத்தில். எனக்கு அரைகுறைதான் விளங்கும். கடைசியில் ஒருவர் "செத்துப்போச்சு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். முன்னொரு தடவை கால் முறிந்த நெடுங்கால் உள்ளானைக் கொண்டுபோனபோதும் இதே கதைதான். "உயிரோடு கொடுத்ததை ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள், இனி வீட்டிலேயே வைத்துப் பார்ப்போம்" என்று மகன் நிற்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்ல?

பதில்: ரீச்சர், மகனின் சந்தேகத்தில் இருந்தே தொடங்குகிறேன். ஊசி போட்டிருக்கக்கூடும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த மேசையில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் யோசித்திருப்பேன். ஆனால் ஊசி போட்டது ஒரு விஷயம், உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது வேறு விஷயம். முன்னதில் அவர்கள் பக்கம் நிற்பேன். பின்னதில் நிற்கமாட்டேன்.

பெரிய காயம் இல்லை என்கிறீர்கள். தங்கூசியில் எல்லோரும் ஏமாறும் இடம் அதுதான். பூனைப் பல்லோ கம்பியோ பட்டால் இரத்தம் வரும், கண்ணுக்குத் தெரியும். தங்கூசி, வீங்கிய விரலில் இறுகிய மோதிரம் போல, இரத்த ஓட்டத்தை மட்டும் நிறுத்திவிடும். வெட்டி எடுக்கிற அன்று இறக்கை நல்லாய்த்தான் இருக்கும். உள்ளே சதை செத்திருப்பது சில நாள் போனபிறகுதான் வெளியே காட்டும்.

தண்ணீர் நனைத்த பஞ்சால் இறகுகளை இரண்டு பக்கமும் ஒதுக்கிப் பார்த்தால் தோல் தெரியும். பறவையின் தோல் மிக மெல்லிசு, இரத்தக்குழாய் ஓடுவதைக்கூடக் காணலாம். மனிதருக்கு அடிபட்டால் கன்றிய இடம் நீலம் பாரிக்கும். பறவைக்கு இரண்டு மூன்று நாளில் கடும் பச்சையாகும். "ஐயா, அழுகிப்போச்சு" என்று பச்சையைக் கண்டு பயந்து கொண்டு வந்தவர்கள் என் காலத்தில் நிறையப் பேர். பச்சை ஆறிவிடும். கறுத்து, காய்ந்து, தொட்டால் சில்லென்று இருக்கும் தோல்தான் ஆறாது. தோளில் இருந்து இறக்கையின் மணிக்கட்டு வரை முன்பக்கம் இழுபட்டு நிற்கும் ஒரு தோல் இருக்கிறது. பறக்கும்போது காற்றைத் தாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு. வாவிப் பறவைகளில் தங்கூசி அந்த இடத்தில் சுற்றி நான் கண்டது அதிகம். அந்தத் தோல் செத்துச் சுருங்கினால், எலும்பு ஒன்றும் முறியாமலேயே இறக்கை முழுதாக விரியாமல் போய்விடும்.

விரியாத இறக்கையோடு செம்பருந்து என்ன செய்யும்? தண்ணீரின் மேலாக இறங்கி, காலால் மீனை அள்ளிக்கொண்டு ஒரே வீச்சில் எழும்ப வேண்டிய பிராணி அது. கூட்டில் வைத்துத் தீனி போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் காட்டில் பிறந்து வளர்ந்த பருந்து மனிதரைக் காணும்போதெல்லாம் கம்பியில் மோதும். இறகு முறியும். எந்நேரமும் ஒரே கட்டையில் நின்று உள்ளங்காலில் புண் வரும், அந்தப் புண் எலும்புவரை போகும். இப்படி மாதக்கணக்கில் கிடந்து சாகிறதைவிட, மயக்கத்தில் ஒரு நிமிடத்தில் முடிவது அதற்கு நல்லது. இதை எழுதும்போது எனக்கும் இனிப்பாக இல்லை. வெளிநாடுகளில் எல்லா வசதியும் உள்ள நிலையங்களிலேயே உள்ளே போகும் பறவைகளில் அரைவாசி அளவுதான் திரும்பப் பறக்கின்றன. இறப்பவற்றில் பெரும்பங்கு முதல் ஒன்றிரண்டு நாளுக்குள்ளேயே இறந்துவிடும்.

சரி, இப்போது மற்றப் பக்கத்துக்கு வருவோம். ஒரு பிள்ளை மழைக்குள் நின்று பறவையைக் காப்பாற்றி, தாய் வான்கூலி கொடுத்து அதைக் கொண்டுவந்தால், "இறக்கை பழுதாகிவிட்டது, எங்களால் முடியவில்லை" என்று சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? வாசல்காரருக்கு அந்த விபரம் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். தெரிந்த யாராவது இரண்டு வரி எழுதி வாசலில் வைத்தாலே போதும். தமிழ் தெரிந்த ஒருவரை அழைப்பெடுக்க விட்டிருக்கலாம். இப்படி மூடி மறைக்கப் போய்த்தான், செய்த சரியான வேலைகூடக் கொலை என்று பெயர் எடுக்கிறது. அடுத்த முறை பறவையைக் கண்டவர் பார்க்காததுபோல் போய்விடுகிறார்.

ஆள் பற்றாக்குறையையும் சொல்லத்தான் வேண்டும். வனவிலங்கு வைத்தியர் என்றால் நம் நாட்டில் அவருடைய முதல் வேலை யானை. 2022, 2023 இரண்டு வருடத்திலும் நாட்டில் செத்த யானைகள் ஒவ்வொரு வருடமும் 400ஐத் தாண்டின. வெடி, மின்சாரம், ரயில், வாய்க்குள் வெடிக்கும் பட்டாசுப் பொறி. படுவான்கரையில் வயலுக்குள் ஒரு யானை காலில் வெடிபட்டு நின்றால் வைத்தியர் அங்கேதான் நிற்பார். திரும்பி வரும்வரை உங்கள் பருந்து பெட்டிக்குள் காத்திருக்கும். வைத்தியத்துக்குப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கும் பறவைப் பழக்கம் குறைவு. நாட்டில் மிருக வைத்தியப் பீடம் பேராதனையில் மட்டும்தான் இருக்கிறது. நாங்கள் படித்தது பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி, நாய். பருந்தின் இறக்கையை நான் படித்தது பருந்திடம்தான்.

ஆகவே மகனிடம் சொல்லுங்கள், அடுத்த முறை வாசலில் பெட்டியை நீட்டியவுடன் திரும்பி நடக்கவேண்டாம். பதிவு இலக்கம் என்ன, எந்த நேரத்தில் யாரிடம் கேட்கலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளவும். "பிழைக்காது என்று கண்டால் எங்களுக்குச் சொல்வீர்களா?" என்று நேரே கேட்கவும். கேட்டால் கோபிக்கமாட்டார்கள், பாதிப் பேர் நிம்மதியடைவார்கள். பெட்டியின் மேல் ஒரு கடதாசியை ஒட்டி, கண்ட இடம், கண்ட நேரம், என்ன சுற்றியிருந்தது, என்ன தின்னக் கொடுத்தோம், உங்கள் போன் இலக்கம் எல்லாவற்றையும் எழுதுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு அதன் கீழேயே சிங்களத்திலும் எழுதுவியுங்கள். கண்ட இடம் முக்கியம். பிழைத்தால் அதே வாவிக்கரையில்தான் விடவேண்டும். வேறு பருந்தின் எல்லைக்குள் விட்டால் அடிவாங்கும்.

உள்ளானைப் பற்றி: நீண்ட கால் பறவைகளுக்கு முறிவைவிடப் பிடிபட்ட பயம் பெரிய எமன். கையில் பிடித்து, காலை மடக்கி, வண்டியில் குலுக்கிக்கொண்டு போகும்போது தசையே சிதைந்துவிடும். அதன்பிறகு நிற்காது. நிலையத்தில் செத்தது என்று கணக்கு வந்தாலும் அது வழியிலேயே தீர்மானமான விஷயமாக இருக்கலாம்.

வீட்டு வைத்தியம் வேண்டாம். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பறவையை வீட்டில் வைத்திருந்தால் வழக்கு வரும். முதலில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற அவசர இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்தையும் குறித்து வையுங்கள். அவர்கள் கையில் கொடுக்கும்வரையான நேரம் உங்களுடையது. உண்மையில் பறவை பிழைப்பதும் போவதும் பாதி அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

கோழிக்கூடை வேண்டாம், இடைவெளியால் தலையை விட்டு இறகை முறித்துக்கொள்ளும். மட்டைப்பெட்டி நல்லது. பக்கத்தில் சில ஓட்டை போட்டு, அடியில் பழைய சாரத்தை மடித்து விரியுங்கள். துவாய் வேண்டாம், நகம் நூலில் மாட்டும். பருந்து என்றால் பிடிக்கும்போது பார்க்கவேண்டியது அலகை இல்லை, காலை. மேலே ஒரு துணியைப் போட்டு, இரண்டு காலையும் சேர்த்துப் பிடியுங்கள். நெஞ்சை மட்டும் அழுத்தக்கூடாது. நமக்கு இருப்பதுபோல் பறவைக்கு உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்த கைக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்த பறவைகள் உண்டு. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியால் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வையுங்கள். மூடி, இருட்டில், சத்தம் இல்லாத அறையில் விடுங்கள். போட்டோவுக்காகப் பத்துத் தரம் திறக்கவேண்டாம் என்று மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

தண்ணீரை வாய்க்குள் ஊற்றவே கூடாது. பறவையின் மூச்சுக்குழாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கும். நீங்கள் ஊற்றும் ஒரு கரண்டி நேரே நுரையீரலுக்குப் போகும். பாலும் சோறும் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், பாவம், நல்ல மனதோடுதான். பட்டினியில் குளிர்ந்து கிடக்கும் பறவைக்குத் தீனி செரிக்காது. முதலில் சூடு, பிறகு வைத்தியர் கையால் நீர், அதற்குப் பிறகுதான் மீன்.

பூனை கவ்விய பறவை என்றால் மட்டும் கொஞ்சமும் காத்திருக்காதீர்கள். காயம் ஊசிமுனை அளவுதான் இருக்கும், பறவையும் துடிப்பாக இருக்கும். பூனை வாயில் உள்ள பற்றீரியா இரண்டு நாளில் அதை முடித்துவிடும். அன்றைக்கே அன்டிபயோட்டிக் போகவேண்டும். அதைப் பக்கத்தில் உள்ள அரச கால்நடை வைத்தியரே செய்யலாம், தூர ஊருக்குப் போகவேண்டியதில்லை.

கேள்வி: காத்தான்குடியில் கடை வைத்திருக்கிறேன் டொக்டர். மின்கம்பியில் அடிபட்ட காகத்தை ஒரு நிலையத்துக்குக் கொண்டுபோனேன். "காகத்துக்கெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை" என்று சிரித்தார்கள். காகத்துக்கு உயிர் இல்லையா?

பதில்: உயிர் இருக்கிறது நானா. சிரித்ததுதான் பிழை. எடுக்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கும். காகத்தையும் மாடப்புறாவையும் பல நிலையங்கள் எடுப்பதில்லை. எண்ணிக்கையில் குறைவே இல்லாத பறவைக்குக் கூட்டை நிரப்பினால், ஒரு கூழைக்கடா வரும்போது இடம் இருக்காது. மின்சாரம் பட்ட பறவைக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் காலும் இறக்கையும் நாலைந்து நாளில் செத்து விழும், அதிலும் பிழைப்பது அபூர்வம். வேதனைப்படாமல் முடிக்க உங்கள் ஊர்க் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள், மறுக்கமாட்டார். ஒன்று மட்டும்: வீட்டில் கோழி இருந்தால் காகம், புறா எதையும் கோழிக்கூட்டுப் பக்கம் வைக்காதீர்கள். இராணிக்கெட் என்ற கோழி நோய் வந்தால் ஒரு கிழமையில் கூடு வெறுமையாகும். ஓரிடத்தில் காகங்கள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் அறிவியுங்கள்.

கேள்வி: திருக்கோவிலில் இருந்து எழுதுகிறேன். புதிதாகக் கட்டிய எங்கள் கடையின் கண்ணாடியில் ஐப்பசி மாதத்தில் ஓர் ஆறுமணிக்குருவி மோதி விழுந்தது. பச்சை முதுகும் சிவப்பு வயிறுமாக அவ்வளவு வடிவு. உடனே மோட்டார் சைக்கிளில் கொண்டு ஓடினேன். ஓரிடத்தில் வைத்தியர் இல்லை, இன்னோரிடத்தில் "நாங்கள் மாடு ஆடுதான்" என்றார்கள். மூன்றாவது இடத்துக்குப் போகும் வழியில் கையிலேயே இறந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

பதில்: தம்பி, உங்கள் ஆத்திரம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்தப் பறவைக்கு அநேகமான நேரங்களில் எங்கேயும் ஓடத் தேவையில்லை. ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரப் பக்கம் கூடுகட்டி, மாரிக்கு இங்கே வந்து, சித்திரை அளவில் திரும்பிப் போவது. இரவிலேயே பறந்து, ஐப்பசியில் கரையேறும்போது களைத்துப் போயிருக்கும். விடியப்புறம் வீட்டு விறாந்தையிலும் கண்ணாடியடியிலும் கிடப்பது அதனால்தான். மோதியது என்றால் மூளை அதிர்ந்திருக்கும். பெட்டியில், இருட்டில், இரண்டு மணித்தியாலம் சும்மா விடுங்கள். மோட்டார் சைக்கிள் குலுக்கலும் காற்றும் ஹோர்ன் சத்தமும் அதிர்ந்த மூளைக்கு நல்லதில்லை.

இரண்டு மணித்தியாலம் கழித்துப் பெட்டியை மரத்தடிக்குக் கொண்டுபோய்த் திறந்தால் பெரும்பாலும் தானே போய்விடும். பொழுதுபட்டுவிட்டால் விடியும்வரை வைத்திருங்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தாலோ, மூக்கால் இரத்தம் வந்தாலோ, ஒரு இறக்கை தொங்கினாலோ அப்போதுதான் வைத்தியரைத் தேடவேண்டும். தேடும்போதும் முதலில் போன், பிறகு பயணம். வைத்தியர் கந்தோரில் இருக்கிறாரா, பறவை பார்ப்பாரா என்று கேட்டுவிட்டுப் புறப்பட்டால் மூன்று வாசல் ஏறி இறங்க வேண்டி வராது. "மாடு ஆடுதான்" என்றவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. பார்க்கத் தெரியாது என்றால் தெரிந்தவரின் இலக்கத்தையாவது தந்திருக்கலாம்.

வருகிற ஐப்பசிக்கு முன் அந்தக் கண்ணாடிக்கு ஒரு வழி செய்யுங்கள். கடைக்காரர்கள் ஒரு பருந்துப் படத்தை ஒட்டுவார்கள், அதற்கு ஒரு குருவியும் பயப்படாது, பக்கத்தால் போய் மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் 5 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் கோடோ புள்ளியோ இருக்கவேண்டும். மழை இல்லாத நாளில் சவர்க்காரக் கட்டியால் கோடு இழுத்தாலே போதும். உட்பக்கம் போட்டால் வானத்தின் நிழல் அதை மறைத்துவிடும்.

கேள்வி: பொத்துவில் பாடசாலை ஒன்றின் சீலிங்கில் இருந்து விழுந்த கூகைக் குஞ்சைக் கொண்டுபோனோம். "ஏன் தூக்கினீர்கள், தாயிடம் இருந்து பிரித்துவிட்டீர்களே" என்று எங்களுக்கே ஏச்சு. நல்லது செய்யப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

பதில்: ஏசியிருக்கக் கூடாது. சொன்ன விஷயம் சரிதான். காயம் இல்லாத குஞ்சு என்றால் ஏணி வைத்துத் திரும்ப அந்த சீலிங்குக்குள்ளேயே விடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கதை. இரவானதும் தாய் எலியோடு வரும். சீலிங்கில் ஏற முடியாவிட்டால் ஒரு மரப்பெட்டியைக் கூரைக்கு அருகில் உயரத்தில் கட்டி அதற்குள் வையுங்கள், குஞ்சின் சத்தத்துக்குத் தாய் கண்டுபிடிக்கும். மற்றக் கரைச்சல் உங்கள் ஊரிலேயே வரும்: கூகை இருந்தால் சாவு விழும் என்று சொல்லி யாராவது கூட்டைக் கலைக்க வருவார்கள். அதிபரை முன்னுக்கு நிற்கச் சொல்லுங்கள். பக்கத்து வயல்காரர் யாரையாவது கூட்டிவந்து, கூட்டுக்குக் கீழே கிடக்கும், கூகை கக்கிய உருண்டையை உடைத்துக் காட்டுங்கள். உள்ளே முழுக்க எலி எலும்பாக இருக்கும், அதற்குமேல் அவரே காவல் நிற்பார்.

களுவாஞ்சிகுடி வாசகரின் ஆட்டுக்குட்டிக் கழிச்சலுக்கும் சம்மாந்துறை வாசகரின் எருமைக்கும் பதில் அடுத்த இதழில்.